நத்தார் முதல் தைப்பொங்கல் வரை: வாசகர் கேள்வி, உணவு ஆலோசகர் பதில்

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட மூன்று கிழமையைப் பற்றியே இந்த மாதக் கடிதங்கள் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகப் பதில் தந்திருக்கிறோம். குளிசை, நோய் சம்பந்தப்பட்ட பதில்கள் பொதுவானவை. உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்க்கிற வைத்தியர் சொல்வதே முடிவு.

வாசகி, வெள்ளவத்தை: நாங்கள் மாடிவீட்டுத் தொகுதியில் இருக்கிறோம். அயலில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. நத்தாருக்குக் கேக் தட்டு வரும், பொங்கலுக்கு நாங்கள் கொடுப்போம். ஒவ்வொரு தை மாதமும் தராசில் ஏறினால் 3 கிலோ கூடியிருக்கிறது. நத்தார் அன்று பகல் சாப்பாட்டைக் குறைத்தும் பார்த்தேன், பயனில்லை. எங்கே பிழை விடுகிறேன்? நடந்து குறைக்கலாமா?

பிழை நத்தார் பகலில் இல்லை, அதற்குப் பிறகு மேசையில் கிடக்கும் பேணியில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லவ் கேக்குக்கு வீடுகளில் போடும் வழமையான அளவு ஒன்று: ரவை 250 கிராம், சீனி 500 கிராம், பட்டர் 250 கிராம், கஜூ 250 கிராம், முட்டை மஞ்சட்கரு 10. மொத்தம் 6,600 கலோரி அளவில் வரும். 48 துண்டாக வெட்டினால் துண்டுக்குச் சுமார் 140 கலோரி, அதில் சீனி மட்டும் இரண்டரைத் தேக்கரண்டி. டிசம்பர் 25 முதல் ஜனவரி 15 வரை 22 நாள். தேநீரோடு நாளுக்கு இரண்டே துண்டு கூடுதலாகப் போனால் 6,000 கலோரியைத் தாண்டும். உடலில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக, வேறு எதையும் கூட்டாமலே முக்கால் கிலோ ஏறிவிட்டது. ரோல்ஸ், பட்டிஸ், சோடா, இரவில் கொத்து என்று மற்றவற்றையும் சேர்த்தால் மீதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு ஆறுதல்: அந்த 3 கிலோவும் கொழுப்பாக இருக்காது. உப்பும் மாச்சத்தும் கூடிய சாப்பாடு உடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வழமைச் சாப்பாட்டுக்குத் திரும்பிய முதல் கிழமையிலேயே ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேலும், தானாக இறங்குவது அந்தத் தண்ணீர்தான். நிறை பார்ப்பதென்றால் காலையில், மலசலம் கழித்தபின், ஒன்றும் சாப்பிட முன்னர், கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். விருந்துக்கு மறுநாள் ஏறிப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வந்த கேக்கை வந்த அன்றே 30 கிராம் துண்டுகளாக, அதாவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெட்டுங்கள். அன்று சாப்பிடப் போகும் துண்டுகளை மட்டும் தட்டில் வையுங்கள். மீதியை நாலு நாலாக எண்ணெய்த்தாளில் சுற்றி, மூடி போட்ட பெட்டியில் ஃபிரீசரில் வையுங்கள். லவ் கேக், பட்டர் கேக், ரிச் கேக் மூன்றும் ஃபிரீசரைத் தாங்கும். வெளியே எடுத்து ஒரு மணிநேரம் வைத்தால் பழைய பதம் வந்துவிடும். ரிச் கேக்கில் சீனியும் ஊறிய பழமும் பிராந்தியும் இருப்பதால் வெளியில் வைத்தாலும் வாரக்கணக்கில் கெடாது. அது நல்லதுதான், ஆனால் கெடாத பண்டம்தான் மேசையைவிட்டு நகராது. முறுக்குப் பேணியைச் சாப்பாட்டு மேசையிலும் டிவிக்குப் பக்கத்திலும் வைக்காமல் அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நாற்காலி போட்டு எடுக்க வேண்டியிருந்தால் கை அடிக்கடி போகாது.

தட்டுப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லமாட்டோம், அயலோடு இருக்கிற உறவு அது. தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதுதானே முறை? அந்தத் தட்டில் பப்பாளித் துண்டும் அன்னாசியும் கொய்யாவும் போகட்டும். நாலாவது வீட்டிலிருந்தும் கேக் வாங்கி அலுத்திருக்கும் அயலவர் அதைச் சந்தோஷமாக வாங்குவார்.

நடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 65 கிலோ நிறையுள்ள ஒருவர் மரைன் டிரைவில் அரை மணிநேரம் வேகமாக நடந்தால் ஒரு துண்டு லவ் கேக் கரையும். நடை வேண்டும், இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் நல்லது. ஆனால் பேணியை நடந்து தீர்க்கலாம் என்று நம்ப வேண்டாம்.

வாசகர், கொட்டாஞ்சேனை: அப்பாவுக்கு 64 வயது, நீரிழிவு. மெற்போர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். விருந்து நாட்களில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு, "பகலுக்கு நல்லாய்ச் சாப்பிடலாம்" என்கிறார். சில நாள் ஒரு குளிசை கூடப் போடுகிறார். வெள்ளைச் சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி என்றால் பரவாயில்லை என்றும் சொல்கிறார். சரியா?

மூன்றும் பிழை, முதலாவது ஆபத்தும்கூட. கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் பதினொரு மணியளவில் இரத்தத்தில் சீனி விழும்: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பிறகு தடுமாற்றம். வயதானவர்களில் இது வெறும் கோபமாகவோ தூக்கமாகவோ தெரியலாம், வீட்டில் பண்டிகைச் சத்தத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். அன்று பகல் ஒரு பெக் சாராயமும் சேர்ந்தால் இன்னும் மோசம். மது, ஈரல் சீனியை வெளிவிடுவதைத் தடுக்கும். குளிசையின் அளவைக் கூட்டுவது குறைப்பது வைத்தியரின் வேலை.

சீனி விழுந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். இரத்தச் சீனி பார்க்கும் கருவியில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், அல்லது கருவி கையில் இல்லாமல் மேற்சொன்ன அறிகுறி இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 150 மில்லிலீற்றர் சீனி சேர்த்த இனிப்புச் சோடாவும் போதும், "டயட்" என்று எழுதியது உதவாது. 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். சொக்லட்டும் கேக்கும் இந்த நேரத்துக்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஏறியபின் சோறோ பாணோ கட்டாயம் கொடுங்கள், ஏனென்றால் கிளிக்லசைட் உடலில் இருக்கும்வரை சீனி மறுபடியும் விழலாம். நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கருப்பட்டி விஷயம்: கித்துளோ பனையோ, கருப்பட்டியில் பெரும்பகுதி அதே சீனிதான். கொஞ்சம் தாதுப்பொருள் இருக்கிறது, அதற்காக இரத்தச் சீனி ஏறாமல் இருக்காது. குரக்கனும் அப்படித்தான். முழுத் தானியமாகச் சமைத்தால் ஒன்று, நைசாக அரைத்த மாவில் சீனி போட்டுச் செய்த பிஸ்கட் வேறொன்று.

அப்பாவுக்கு உகந்த வழி இது. காலையில் வழமைபோல் சாப்பிட்டுக் குளிசை எடுக்கட்டும். விருந்துத் தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன், கோழி அல்லது பருப்பு. இனிப்பு வேண்டுமென்றால் சாப்பாட்டின் முடிவில், ஒரு துண்டு. அந்த ஒரு துண்டு லவ் கேக்குக்காகத் தட்டிலிருந்து நான்கு மேசைக்கரண்டி சோற்றை எடுத்துவிட வேண்டும், மாச்சத்து ஏறத்தாழச் சமம். முதல் வாய் வைத்து இரண்டு மணிநேரத்தில் கருவியில் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180க்குக் கீழ் இருப்பது இலக்கு, வயதானவர்களுக்கு வைத்தியர் வேறு இலக்கு வைத்திருக்கலாம். எந்தப் பண்டம் தனக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று அப்பாவே ஒரு தடவை கண்ணால் பார்த்தால், பிறகு நீங்கள் சண்டை போட வேண்டியிருக்காது.

வாசகி, பம்பலப்பிட்டி: சர்க்கரைப் பொங்கலில் சர்க்கரையைக் குறைத்தால் வெறும் சோறு மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் தொடவில்லை. என்ன செய்யலாம்?

குறைக்கிற விதம் பிழைத்திருக்கும். சர்க்கரையை மட்டும் குறைத்து மற்றதை அப்படியே விட்டால் பொங்கல் வெளிறித்தான் போகும். 12 பேருக்கு வழமையாகப் போடுவது பச்சையரிசி 500 கிராம், வறுத்த பயறு 100 கிராம், சர்க்கரை 500 கிராம் என்றால், ஒருவருக்கு 40 கிராமுக்கு மேல் சர்க்கரை போகிறது. அதை அரிசி 400, பயறு 200, சர்க்கரை 250 என்று மாற்றுங்கள். வறுத்த பயறு கூடும்போது வாசமும் கூடும், புரதமும் கூடும், சோற்றின் மாத்தன்மை குறையும். பயற்றை உடைத்துத் தோல் நீக்கி, மெல்லிய தீயில் பொன்னிறம் வரும்வரை வறுக்க வேண்டும். கருகினால் கைப்பு.

இனிப்பைத் தூக்கிக் காட்டுவது மூன்று: இடித்த ஏலக்காய் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில் சேர்க்கும் கட்டித் தேங்காய்ப்பால், அதாவது முதற்பால். உப்பு போடாமல் விடுகிறவர்கள்தான் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) ஒரு பிடி போட்டால் அங்கங்கே கடிபடும் இனிப்பு பிள்ளைகளை ஏமாற்றிவிடும். நெய்யில் வறுத்த கஜூவை உள்ளே கலக்காமல் மேலே தூவினால் பாதி அளவே போதும்.

ஒழுங்கும் முக்கியம். அரிசியும் பயறும் விரலால் நசித்தால் மசியும்வரை அவிந்தபிறகே சர்க்கரை சேர வேண்டும். முந்திப் போட்டால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அரிசி அதற்குமேல் அவியாது, எவ்வளவு நேரம் கிண்டினாலும் நடு கடுப்பாக நிற்கும். சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடித்து ஊற்றுங்கள், மண் போய்விடும். முதற்பாலை இறக்கப் பத்து நிமிடம் இருக்கையில், தீயைத் தணித்துச் சேருங்கள். கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் மேலே நிற்கும். பொங்கி வழிவதற்கு இரண்டாம் மூன்றாம் பால் போதும், முதற்பாலை வீணாக்க வேண்டாம்.

இதை ஒரு வருடத்தில் செய்ய வேண்டியதில்லை. இந்த வருடம் 400, அடுத்த வருடம் 320, அதற்கடுத்தது 250 என்று இறங்கினால் நாக்குக்குத் தெரியாது.

வாசகி, மட்டக்குளி: வீட்டில் பொரிக்கும் ரோல்ஸும் முறுக்கும் எண்ணெய் குடிக்கின்றன. பொரித்த எண்ணெயை எத்தனை தடவை பாவிக்கலாம்? எயார் ஃபிரையரில் செய்தால் சரிவருமா?

எவ்வளவு குடிக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். பொரிக்க முன் எண்ணெயை அளவுச்சாடியில் ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்து ஆறியபின் வடித்து மறுபடி அளவுங்கள். 20 ரோல்ஸுக்கு 100 மில்லிலீற்றர் குறைந்திருந்தால், சுமார் 800 கலோரி ரோல்ஸுக்குள் போயிருக்கிறது, ஒன்றுக்கு 40. அது 300 மில்லிலீற்றர் என்றால் ஒன்றுக்கு 120. ஒரே ரோல்ஸ், பொரித்த விதத்தில்தான் இந்த வித்தியாசம்.

எண்ணெய் 175 முதல் 180 பாகை வரை சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பண்டத்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், எண்ணெய் உள்ளே வர இடமில்லை. சூடு குறைந்தால் அந்தத் தள்ளல் இல்லை. வெப்பமானி இல்லாவிட்டால் மரக்கரண்டியின் காம்பை விடுங்கள். சுற்றிவரச் சிறு குமிழிகள் விடாமல் எழுந்தால் பதம். புகை வந்தால் கூடிவிட்டது, தீயைக் குறைத்துப் பொறுத்திருங்கள்.

பதம் வந்தபிறகும் கெடுப்பது அவசரம். தாச்சி நிறையப் போட்டால் சூடு சட்டென்று இறங்கும். ஒரு லீற்றர் எண்ணெயில் ஒரு தடவைக்கு மூன்று ரோல்ஸ், மிஞ்சினால் நாலு. ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் அரை நிமிடம் விட்டுப் பழைய சூடு வந்தபின் அடுத்ததைப் போடுங்கள். ஃபிரீசரிலிருந்து எடுத்த ரோல்ஸை நேரே போடுவதும் இதே கதைதான், கூடவே மேலே படிந்த பனி எண்ணெயைத் தெறிக்க வைக்கும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக வைத்துத் துடைத்துப் போடுங்கள். பாண்தூள் தளர்வாக ஒட்டியிருந்தால் அது பஞ்சு மாதிரி உறிஞ்சும், உதிர்ந்து கருகி எண்ணெயையும் கெடுக்கும். முட்டையில் தோய்த்துப் பாண்தூளில் புரட்டியபின் உள்ளங்கையால் அழுத்தி, அரை மணிநேரம் பிரிட்ஜில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

முறுக்குக்கு வேறு காரணம். மா தளர்வாக இருந்தாலோ, மொறுமொறுப்புக்கென்று பட்டரைக் கூட்டினாலோ, சோடாமா போட்டாலோ எண்ணெய் குடிக்கும். சோடாமா உள்ளே துளைகளை உண்டாக்கும், துளை எல்லாம் எண்ணெய். எடுத்ததும் கடதாசியில் குவிக்காமல் கம்பித்தட்டில் பரப்புங்கள். குவித்தால் ஆவி படிந்து நமுத்துப் போவதோடு, மேலே உள்ளதன் எண்ணெய் கீழே உள்ளதில் இறங்கும்.

பாவித்த எண்ணெயை ஆறவிட்டு மெல்லிய துணியில் வடித்து, இறுக்க மூடி, இருட்டில் வைத்தால் இன்னொரு தடவை பாவிக்கலாம். அதற்குமேல் வேண்டாம். நுரை அடங்காமல் நின்றால், நிறம் கறுத்தால், பழைய மணம் வந்தால், வழமையைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தால், முதல் தடவை என்றாலும் விட்டுவிடுங்கள். பழையதில் புதியதைக் கலப்பது சேமிப்புப் போலத் தெரியும், ஆனால் பழையது புதியதையும் விரைவில் கெடுக்கும். கழிவுத்தொட்டியில் ஊற்ற வேண்டாம், மாடிவீடுகளில் குழாய் அடைபடும். போத்தலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள்.

எயார் ஃபிரையரில் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் மூன்றும் சரிவரும். மேலே தூரிகையால் எண்ணெய் தடவி, 180 பாகையில் 10 முதல் 12 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்ப வேண்டும். எண்ணெய் தடவாவிட்டால் பாண்தூள் வெள்ளையாகவே நிற்கும். உழுந்து வடை அதில் வராது, மா கூடையின் துளைகளுக்குள் வழிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். பொரிக்க ஏற்றது, சூட்டைத் தாங்கும். ஆனால் அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் எந்த எண்ணெய் என்று யோசிப்பதைவிடப் பொரியலை நாளுக்கு ஒன்றாக்குவது பயன்.

வாசகர், தெஹிவளை: நத்தார் பகல் சமைத்த புரியாணியை இரவும் சாப்பிட்டோம். நான்கு பேருக்கு வாந்தி. நன்றாகச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம், மணமும் மாறவில்லை. இறைச்சி கெட்டதா?

இறைச்சியைவிடச் சோற்றின் மேல்தான் முதல் சந்தேகம். பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், சோறு அவிந்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மணத்திலும் ருசியிலும் தெரியாது. கொழும்பில் சமையலறை 30 பாகைக்கு மேல் இருக்கும், பெரிய சட்டியின் நடுப்பகுதி மாலை வரை சூடு தணியாமல் இருக்கும். கிருமிக்கு அதைவிட வசதி வேண்டாம்.

சாப்பாடு முடிந்ததும் மீதியை அகலமான தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்பி, விசிறிக் காற்றில் ஆற வைத்து, சமைத்து இறக்கியதிலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். சட்டியோடு வைத்தால் நடு ஆறாது. பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். விருந்து நாளில் போத்தல்களை அடைத்து வைத்தால் குளிர் சுற்றாது, சோடாவை ஐஸ் வாளிக்கு மாற்றிச் சாப்பாட்டுக்கு இடம் விடுங்கள். சோற்றை மறுநாளுக்குள் முடியுங்கள், இறைச்சிக் கறி மூன்று நாள் நிற்கும். தேங்காய்ப்பால் விட்ட சொதியும் கறியும் எல்லாவற்றிலும் முந்திப் புளிக்கும். தேவையான அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவையில் முடியுங்கள்.

வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பக்கற்றை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுங்கள். குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றாலும், சலம் போவது குறைந்தாலும், இரத்தம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாசகி, இரத்மலானை: சோடா போத்தலில் செம்மஞ்சள் வட்டம் இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

2016இல் இலங்கையில் வந்த நிறக்குறி அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. கவனியுங்கள், கணக்கு 100 மில்லிலீற்றருக்கு. 10 கிராம் உள்ள பானம் செம்மஞ்சள்தான், ஆனால் 400 மில்லிலீற்றர் போத்தலை ஒரு பிள்ளை முடித்தால் 40 கிராம், பத்துத் தேக்கரண்டி சீனி. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விருந்து நாளில் 150 மில்லிலீற்றர் கிளாஸில் ஒன்று கொடுங்கள், போத்தலைக் கையில் கொடுக்க வேண்டாம். மற்ற நாட்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனியோடு.

வாசகர், மருதானை: கந்தோர் விருந்து, நண்பர் விருந்து என்று டிசம்பரில் நாலைந்து ஹோட்டல் பஃபே. எப்படிச் சமாளிப்பது?

பகலைப் பட்டினி கிடந்து போகாதீர்கள். நாலு மணிக்கு ஒரு கோப்பை அவித்த கடலை சாப்பிட்டுவிட்டுப் போனால் முதல் தட்டு மலை மாதிரி குவியாது. எல்லாப் பாத்திரத்தையும் ஒரு தடவை நடந்து பார்த்தபின் தட்டை எடுங்கள். வீட்டில் கிடைக்கிற ஃபிரைட் ரைஸுக்கு வயிற்றில் இடம் கொடுக்காமல், வீட்டில் கிடைக்காத மீனையும் சலட்டையும் எடுங்கள். டெவில் செய்தவற்றில் எண்ணெயோடு சீனியும் சோஸும் இருக்கிறது, காரத்தில் தெரியாது. கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம்தான் பஃபேயில் மிகக் கெட்ட பண்டம்.

குடிக்கிறவர் என்றால், 50 மில்லிலீற்றர் சாராயம் சுமார் 100 கலோரி. சோடாவும் பைட்ஸும் அதைவிடக் கூட.

வாசகி, கிருலப்பனை: கணவருக்குப் பிரஷர், சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம் என்கிறார்கள். உப்பைக் குறைத்துவிட்டோம். வேறு என்ன?

கையால் போடும் உப்பைக் குறைத்தால் போதாது, மற்றதோடு வருவதும் உண்டு. நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதுதான் எல்லை. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல் போய்விடும். சூப் கட்டியில் ஏறத்தாழப் பாதி உப்பு. அச்சாறு, கருவாடு, ஹாம், சொசேஜ் எல்லாம் இதே கணக்கில்தான்.

சிறுநீரகம் பலவீனம் என்றால் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும், அதன் அளவை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கூடியிருந்தால் செவ்விளநீர், பேரீச்சம்பழம், பிளம்ஸ், வாழைப்பழம், கஜூ குறைய வேண்டும். பிளம்ஸும் கஜூவும் நிறைந்த ரிச் கேக் இதனாலேயே அவருக்கு உகந்ததில்லை, பட்டர் கேக் சிறு துண்டு பரவாயில்லை. மரக்கறியைச் சிறிதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். "உப்புக்குப் பதில்" என்று விற்கும் உப்பு பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட், அதை வாங்கவே வேண்டாம். காமரங்கா என்று சந்தையில் விற்கும் நட்சத்திரப்பழமும் அதன் சாறும் சிறுநீரக நோயாளருக்கு நஞ்சு, ஒரு துண்டும் கூடாது.

வாசகி, ஜிந்துப்பிட்டி: திருவெம்பாவைக் காலத்தில் பத்து நாளும் மரக்கறிதான். விடிய கோயிலில் பொங்கல், வடை. பிறகு பிள்ளைகளோடு காலைச் சாப்பாடு. பகலுக்குள் தூக்கம் வருகிறது.

இரண்டு காலைச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள், இரண்டிலும் மாச்சத்து. பிரசாதத்தைக் காலைச் சாப்பாடாகவே வைத்துக்கொண்டு, வீட்டில் தயிர் ஒரு கோப்பையும் ஒரு பழமும் போதும். மரக்கறி நாட்களில் குறைவது புரதம். 60 கிலோ நிறைக்கு 50 கிராம் அளவில் வேண்டும். அவித்த பயறு ஒரு கோப்பையில் 14 கிராம், உலர்ந்த சோயாமீற் 30 கிராமில் 15 அளவில், மீதி பருப்பும் தயிரும் கௌப்பியும் கொண்டுவரும். நாலு மரக்கறி வைத்துப் பருப்பை ஒரு கரண்டி விடுவதைவிட, இரண்டு மரக்கறியும் அரைக் கோப்பைப் பருப்பும் மேல்.

வாசகர், நாரஹேன்பிட்டி: ஜனவரி 1 முதல் ஏழு நாள் ஜூஸ் மட்டும் குடித்து உடலைச் சுத்தம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

உடலைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவை ஜூஸுக்காகக் காத்திருக்கவில்லை. ஏழு நாளில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் தசையும். எட்டாம் நாள் பொங்கலுக்குப் பலகாரம் சுடத் தொடங்கியிருப்பார்கள். நீரிழிவுக் குளிசை எடுப்பவர் என்றால் இந்த எண்ணத்தையே விடுங்கள்.

2ஆம் திகதி காலையில் சந்தைக்குப் போய் வல்லாரை இரண்டு கட்டு, முருங்கையிலை ஒரு கட்டு, பூசணிக்காய் ஒரு கீறு, கௌப்பி அரைக்கிலோ, சூடை மீன் ஒரு கிலோ வாங்கி வாருங்கள். சூடையை அன்றே கழுவி, மஞ்சளும் உப்பும் கொஞ்சம் தடவி, நாலு பங்காக ஃபிரீசரில் வையுங்கள். கேக் துண்டுகளுக்கு முன்வரிசையில் வையுங்கள்.